ஷோரூம் விலை குறையாது, கொட்டேஷன் குறையும்

போன டிசம்பர்ல தங்கச்சி போன் பண்ணா. "அண்ணே, இவர் புது வண்டி எடுக்கணும்ங்கறார், நீ கூட வந்தா நல்லாருக்கும்." அவ்வளவுதான் சொன்னா. ஏன் என்னைக் கூப்பிடறான்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. 2013ல எங்க வீட்டுக்கு மொதல் வண்டி வந்த கதை அவளுக்கும் ஞாபகம் இருக்கு.

அந்த வருஷம் அப்பா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு வந்த காசுல எனக்கு வண்டி எடுத்துக் குடுத்தார். ஆயுத பூஜை அன்னிக்குத்தான் எடுக்கணும்னு அம்மாவுக்கு ஆசை, ஊர்ல பாதிப் பேருக்கும் அதே ஆசைதான், ஷோரூம் வாசல்ல ரெண்டு பக்கமும் வாழைமரம், உள்ள கால் வைக்க இடமில்ல, ஒருத்தர் வந்து ஒரு துண்டு சீட்டுல 63,800ன்னு ஒரே ஒரு நம்பரை எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளப் பார்க்கப் போயிட்டார். இதுல என்னென்ன சேர்ந்திருக்குன்னு நான் கேக்கல. அப்பாவும் கேக்கல, "நல்ல நாள் அதுவுமா பேரம் பேச வேண்டாம்ப்பா"ன்னு சொல்லிட்டு மஞ்சப் பையிலேருந்து எடுத்து எண்ணிக் குடுத்தார். ஒரு மாசம் கழிச்சு என் கூடப் படிச்சவன் அதே வண்டிய, அதே மாடல, தஞ்சாவூர்ல 58,000க்கு எடுத்துட்டு வந்தான். அப்பா காதுக்கு இது போச்சு. அவர் கோவப்படல, பீரோவத் தொறந்து நம்ம பில்ல எடுத்துக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் "ஏழு மூட்டை நெல்லு"ன்னு மட்டும் சொன்னார். அன்னிக்கு இருந்த வெலைக்கு 5,800 ரூபாங்கறது அறுபது கிலோ மூட்டையா ஏழு மூட்டை. அவர் எதையும் ரூபாயில கணக்குப் பண்ண மாட்டார், மூட்டையிலதான் பண்ணுவார்.

அதுக்கப்புறம் நான் இத விடல. பில்லு எப்படிப் போடறாங்க, அதுல எந்த லைன் காசு கவர்மெண்டுக்குப் போவுது, எது ஷோரூமுக்குப் போவுதுன்னு ஒவ்வொண்ணா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்கன்னு ஒரு பத்துப் பன்னெண்டு பேர் கூட ஷோரூமுக்குப் போயிருக்கேன். அதுல எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம், நாம எல்லாரும் தப்பான எடத்துல பேரம் பேசறோம். ஷோரூமுக்குள்ள போனதும் "வண்டி விலையில எவ்வளவு குறைப்பீங்க"ன்னு கேப்போம், அவங்க "எக்ஸ் ஷோரூம் விலை கம்பெனி போடறதுங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ம்பாங்க. அவங்க சொல்றதும் பெரும்பாலும் உண்மைதான். டூ வீலர்ல டீலர் மார்ஜின் ரொம்ப மெல்லிசு, கார் மாதிரி கிடையாது. எக்ஸ் ஷோரூம்ங்கறது ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை, கொட்டேஷன்ல அதுக்குக் கீழ அஞ்சாறு லைன் இருக்கு பாருங்க, அங்கதான் காசு இருக்கு, அதத்தான் யாரும் கேக்கறதில்ல.

மாப்ள கும்பகோணத்துல ஒரு பாத்திரக் கடையில கணக்கு பார்க்கறார். பாபநாசம் பக்கத்துலேருந்து தெனமும் போக வர முப்பது கிலோமீட்டர் ஆவும், பழைய வண்டி வாரம் ஒருக்கா மெக்கானிக் கடைக்குப் போற நிலைமைக்கு வந்துருச்சு. சீட்டு எடுத்த காசு கையில இருக்கு, 125 சிசி போதும்னு முடிவு பண்ணியிருந்தார். எந்தக் கம்பெனி வண்டின்னு இங்க எழுதல, எழுதினா எந்த ஷோரூம்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அங்க வேலை பார்க்கற ஆளுங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது.

நேரமும் நல்லா அமைஞ்சிருந்தது. செப்டம்பர் 22, 2025லேருந்து 350 சிசி வரைக்கும் இருக்கற டூ வீலருக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா இறங்கிருச்சு, எங்க வண்டிக்கு மட்டும் ஏழாயிரத்துக்கு மேல குறைஞ்சு 88,000ல வந்து நின்னுச்சு. 350 சிசிக்கு மேல எடுக்கறவங்களுக்கு அதே நாள்லேருந்து 40 சதவீதம், அவங்க கணக்கு வேற. இன்னொரு கணக்கும் இருக்கு, வண்டிய முடிவு பண்றப்பவே பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேருந்து புது டூ வீலருக்கு லைஃப் டாக்ஸ், அதாவது ஒரே தடவையா கட்டற ரோட் டாக்ஸ், வண்டி விலை 1 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதத் தாண்டினா 12 சதவீதம். அதாவது 99,000 வண்டிக்கு 9,900 டாக்ஸ், 1,01,000 வண்டிக்கு 12,120. வேரியண்ட்ல ரெண்டாயிரம் ரூபா கூடப் போறோம்னு நெனச்சு டிஸ்க் பிரேக் மாடலுக்கு மாறுவோம், ஆனா கையிலேருந்து போறது நாலாயிரத்துக்கு மேல. டிஸ்க் பிரேக் வேண்டாம்னு சொல்லல, எனக்குக் கேட்டா டிஸ்க்தான் எடுக்கச் சொல்லுவேன், கணக்கு தெரிஞ்சு எடுக்கணும், அவ்வளவுதான்.

மூணு எடத்துல கொட்டேஷன் வாங்கினோம். ஊர்ப்பக்கம் இருக்கற ஒரு சப் டீலர், கும்பகோணத்துல மெயின் ஷோரூம், தஞ்சாவூர்ல இன்னொரு மெயின் ஷோரூம். சப் டீலர் தெரிஞ்ச ஆளு, நல்லா பேசுவார், ஆனா பில்லு மெயின் டீலர்தான் போடணும், நடுவுல அவருக்கும் ஒரு பங்கு வேணும், அதனால அவரால இறங்க முடியறது கம்மி. சின்ன ஊர்ல இருக்கறவங்க தெரிஞ்ச முகம்னு அங்கயே முடிச்சிடறாங்க. சர்வீஸ் கிட்டத்துலயே கிடைக்கும்ங்கற வசதி இருக்கு, அத மறுக்க மாட்டேன், ஆனா சர்வீஸ் எங்க வேணா விட்டுக்கலாம், வண்டி அங்கதான் எடுத்திருக்கணும்னு இல்ல.

கும்பகோணம் ஷோரூம்ல ஒரு தம்பி வந்தாப்ல, இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும். வண்டியப் பத்தி நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாப்ல, மைலேஜ் கேட்டா கம்பெனி சொல்றது ஒண்ணு, ரோட்டுல கிடைக்கறது ஒண்ணுன்னு ரெண்டையும் சொன்னாப்ல, அங்கயே எனக்குப் பிடிச்சுப் போச்சு. கடைசியில நோட்டீஸ் பின்பக்கம் 1,18,600ன்னு எழுதிக் குடுத்தாப்ல. திரும்பவும் ஒரே நம்பர்.

"தம்பி, விலைய அப்புறம் பேசலாம். மொதல்ல இதப் பிரிச்சு எழுதிக் குடுங்க."

"எல்லாம் சேர்த்துதாண்ணே, ஆன் ரோடு."

"சேர்த்ததுதான். எதெதச் சேர்த்தீங்கன்னு வேணும். கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தாக் கூடப் போதும்."

கொஞ்சம் தயங்கிட்டு உள்ள போய் பிரிண்ட் எடுத்துட்டு வந்தாப்ல. எக்ஸ் ஷோரூம் 88,000. ஆர்டிஓ 13,500. இன்சூரன்ஸ் 8,900. ஹேண்ட்லிங் 1,500. எசென்ஷியல் கிட் 4,200. எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,100. கோட்டிங் 950. ரோட் சைடு அசிஸ்டன்ஸ் 450. அந்தப் பேப்பரை மாப்ள கையில குடுத்து, "மொதல் வரியத் தொடாதீங்க, அது கம்பெனியுது. மத்த ஏழு வரிக்கும் ஒவ்வொண்ணா கேளுங்க"ன்னேன். அவருதான் பேசணும், வண்டி அவருது. அன்னிக்கு முடிக்கல. அட்வான்ஸ் ஒரு ரூபா கூடக் குடுக்கல, "இன்னிக்கு ஆயிரம் ரூபா போட்டு புக் பண்ணிட்டா இந்த ஆஃபர் நிக்கும்"னு சொன்னாங்க, நாங்க பேப்பர மடிச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டோம். இத நான் அழுத்தியே சொல்றேன், அட்வான்ஸ் குடுத்த நிமிஷமே நம்ம கையில இருந்த பலம் போயிடுது, அதுக்கப்புறம் நாம கேக்கறது எல்லாம் கெஞ்சற மாதிரிதான் ஆவும்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வரியையும் எடுத்தோம். ஆர்டிஓ 13,500ன்னு இருக்கு. லைஃப் டாக்ஸ் 10 சதவீதம்னா 8,800. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மோட்டார் சைக்கிளுக்கு 300, ஸ்மார்ட் கார்டு 200, இன்னும் சில்லறை சார்ஜ் சில நூறு. எப்படிக் கூட்டினாலும் 10,000 தாண்டல. லோன்ல எடுத்தா ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல கடன் இருக்குன்னு பதிய 500 கூட வரும், எங்களுக்கு லோன் இல்ல. அப்ப மீதி 3,500 எதுக்கு? இத டாக்ஸ்னு நெனச்சு யாரும் கேக்கறதே இல்ல, கவர்மெண்ட் காசுல பேரம் பேச முடியாதுன்னு விட்டுடறோம். கவர்மெண்ட் காசுல பேச முடியாதுதான், ஆனா கவர்மெண்ட் வாங்கற காசுக்கு ரசீது இருக்கு.

இன்சூரன்ஸ் அடுத்தது. புது டூ வீலருக்கு 2018 செப்டம்பர்லேருந்து அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆவுற சேதத்துக்கான பாலிசி கட்டாயம், சுப்ரீம் கோர்ட் உத்தரவு அது. 75லேருந்து 150 சிசி வரைக்கும் அந்த அஞ்சு வருஷத்துக்கு 3,851 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 4,500 சொச்சம். இது எந்தக் கம்பெனிகிட்ட போட்டாலும் ஒரே விலை. மாறறது என்னன்னா நம்ம வண்டிக்கு வர்ற டேமேஜுக்கான ஒரு வருஷ ஓன் டேமேஜ் பாலிசி, தேய்மானம் கழிக்காம கிளெய்ம் குடுக்கற ஜீரோ டெப்ரிசியேஷன் மாதிரி கூடச் சேர்க்கறது, அப்புறம் ஓட்டறவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு. மாப்ளகிட்ட ஏற்கனவே 15 லட்சத்துக்கு பர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசி இருக்கு, அப்படி இருந்தா வண்டியோட சேர்த்துத் திரும்ப எடுக்க வேண்டியதில்ல. ஷோரூம் கொட்டேஷன்ல அத அஞ்சு வருஷத்துக்குப் போட்டு வச்சிருந்தாங்க. போன்லயே உக்காந்து அதே வண்டிக்கு, அதே ஐடிவிக்கு (வண்டி மொத்தமா போச்சுன்னா இன்சூரன்ஸ்ல கிடைக்கற தொகை), ஜீரோ டெப் சேர்த்துப் பார்த்தோம், 6,700 பக்கம் வந்துச்சு. ஐடிவிய மட்டும் கண்ணு வச்சுப் பாருங்க, அதக் குறைச்சுட்டு பிரீமியம் குறைஞ்ச மாதிரி காட்டுவாங்க, புது வண்டிக்கு ஷோரூம் விலையில 95 சதவீதம் வரணும். எங்களுக்கு 83,600.

எசென்ஷியல் கிட்ங்கற 4,200தான் எனக்கு வயித்தெரிச்சல். பிரிச்சுக் கேட்டா ஹெல்மெட், நம்பர் பிளேட், சேலை கார்டு, பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்கற கைப்பிடி, கிராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் கவர். இதுல ஹெல்மெட், புது டூ வீலர் விக்கறப்ப கூடக் குடுக்கணும்னு மோட்டார் வாகன விதி 138லயே இருக்கு. பின் சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்கற எடம், பின் சக்கரத்துல பாதிய மூடற தடுப்பு, இதெல்லாம் விதி 123ல வண்டியோடவே இருக்கணும்னு எழுதியிருக்கு, சேலை கார்டுன்னு நாம சொல்றது அந்தத் தடுப்பத்தான். ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் 2019 ஏப்ரல்லேருந்து வண்டியோட சேர்ந்து வரணும், அதுக்குத் தனிக் காசு கிடையாது. சட்டப்படி வண்டியோட வர வேண்டியத ஒரு பையில போட்டு எசென்ஷியல்னு பேர் வச்சு நம்மகிட்டயே விக்கறாங்க. எத்தன வீட்டுல சேலை கார்டுக்குக் காசு குடுத்திருப்போம், எங்க வீட்டுலயும் 2013ல குடுத்திருக்கோம், அந்தப் பில்லுல நான் அப்புறமா பார்த்தேன்.

இதெல்லாம் ஒரு நோட்டுல மாப்ள எழுதி வச்சுக்கிட்டார், கணக்குப்பிள்ளை கையெழுத்து, வரி வரியா அழகா இருந்துச்சு.

எப்பப் போறதுங்கறது அடுத்த கேள்வி. டீலர் ஒவ்வொரு வண்டியையும் பேங்க் கடன்லதான் எறக்கி வைக்கறார், நிக்கற ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடிக்கிட்டிருக்கும். மாசக் கடைசியில கம்பெனி குடுத்த டார்கெட் இருக்கும், அதத் தொட்டா ஒரு தொகை, தொடலன்னா இல்ல. இதுல டிசம்பர்ங்கறது எல்லாம் சேர்ந்து வர்ற மாசம், ஜனவரி ஒண்ணாம் தேதி ஆனா அதே வண்டி போன வருஷ வண்டி ஆயிடும். நம்ம ஊர்ல இன்னொண்ணும் சேரும், மார்கழி. மார்கழியில புது வண்டி எடுக்க மாட்டாங்க, ஆடியிலயும் அப்படித்தான். ஆயுத பூஜை, தீபாவளி, தை பொறந்ததும் உள்ள நாள்ல ஷோரூம்ல நம்மள நிமிந்து பார்க்க ஆள் இருக்காது, மார்கழி நடுவுல போனா நாற்காலி போட்டு டீ வாங்கித் தருவாங்க. டார்கெட்டும் வருஷக் கடைசியும் மார்கழியும் ஒண்ணா வர்ற அந்த ரெண்டு வாரத்த விட வாங்கறவனுக்கு நல்ல நேரம் வருஷத்துல வேற கிடையாது, இது என் அனுபவம்.

ஆனா தங்கச்சி மாமியார் இருக்காங்களே. "மார்கழியில வண்டி எடுக்கறதா, தை பொறக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. நான் அவங்கள மறுத்துப் பேசல, பெரியவங்க மனசுல உறுத்தல வச்சுக்கிட்டு எடுத்த வண்டியில தெனம் முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போறது நல்லா இருக்காது. காலண்டர எடுத்துப் பார்த்தா டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி. "அத்தை, அன்னிக்கு எடுக்கலாமா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, செவ்வாய்க்கிழமையா இருக்கேன்னு ஒரு தடவ சொன்னாங்க, அப்புறம் அவங்களே "பெருமாள் நாளு, அதுக்கு மேல என்ன வேணும், சாரங்கபாணி கோயில்ல கும்பிட்டுட்டு அப்படியே எடுத்துட்டு வாங்க"ன்னுட்டாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீலருக்கு வருஷக் கடைசி, எங்களுக்கு நல்ல நாள்.

24ஆம் தேதி சாயங்காலம் திரும்பப் போனோம், தஞ்சாவூர் கொட்டேஷன கையில எடுத்துக்கிட்டு. தஞ்சாவூர்ல 1,12,400 சொல்லியிருந்தாங்க, அதுலயும் ஹேண்ட்லிங் இருந்துச்சு. தம்பி மேனேஜர்கிட்ட கூட்டிட்டுப் போனாப்ல. மாப்ள நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு மெதுவா ஒவ்வொரு வரியா கேட்டார். குரல் ஏறல, யாரையும் ஏமாத்துக்காரன்னு சொல்லல. "சார், ஆர்டிஓவுக்கு டாக்ஸ் ரசீது வருமுல்ல, ரசீதுல என்ன இருக்கோ அது குடுக்கறோம், இப்ப 10,500 வாங்கிக்குங்க, மீதி இருந்தா திருப்பிக் குடுங்க"ன்னார். மேனேஜர் ஸ்மார்ட் கார்டு, ஆளு செலவு, அலைச்சல்னு சொல்லிப் பார்த்தார். மாப்ள "அலைச்சலுக்குன்னு தனியா ஒரு வரி போட்டு பில்லுல எழுதிக் குடுங்க சார்"ன்னதும் சரின்னுட்டார். பில்லுல எழுத முடியாத காசு எதையும் கேக்க முடியாது, இந்த ஒரு வார்த்தை போதும், எங்க போனாலும்.

ஹேண்ட்லிங் 1,500க்கு "இது எதுக்கு சார்"னு கேட்டதோட சரி, அவரே பேனாவால அடிச்சுட்டார். இன்சூரன்ஸ்ல "வெளில போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது, கிளெய்ம்னா அலையணும்"னார். வெளில எங்க வேணா போட்டுக்க நமக்கு உரிமை இருக்கு, ஷோரூம்ல தான் எடுக்கணும்னு கட்டாயப்படுத்த முடியாது, கேஷ்லெஸ், அதாவது நாம காசு கட்டாம இன்சூரன்ஸ் கம்பெனியே ரிப்பேர் பில்ல நேரா கட்டறது, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்த சர்வீஸ் சென்டரோட ஒப்பந்தம் இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சுடும். நாங்க சண்டை போடல, போன்ல வந்த 6,700 கொட்டேஷனக் காட்டி "இத நீங்களே போட்டுக் குடுங்க, உங்ககிட்டயே எடுத்துக்கறோம்"னோம். 6,900க்கு வந்தாங்க, ஜீரோ டெப்போட, அதே ஐடிவியோட. 200 ரூபா கூடத்தான், ஆனா கிளெய்ம்னு வந்தா ஒரே எடத்துல போய் நிக்கலாம்னு மாப்ள ஒத்துக்கிட்டார், எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.

நடுவுல மேனேஜர் ஃபைனான்ஸ் போடச் சொன்னார். "ஐம்பதாயிரம் லோன் போடுங்க சார், 2,000 டிஸ்கவுண்ட் தரேன், வெறும் 10 பர்சண்ட்தான், மாசம் 2,500." இதுல நெறைய பேர் விழுந்துடறாங்க. அந்த 10 சதவீதம் ஃப்ளாட் ரேட். ஐம்பதாயிரத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு 10,000 வட்டி, 60,000த்த 24ஆல வகுத்தா 2,500. ஆனா நாம மாசாமாசம் அசலத் திருப்பிக் கட்டிக்கிட்டே வரோம், வட்டிய மட்டும் மொத்த ஐம்பதாயிரத்துக்கும் கடைசி வரைக்கும் போடறாங்க. பேங்க்ல சொல்ற மாதிரி குறையற பாக்கிக்குப் போட்டா அது 18 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல. ப்ராசஸிங் ஃபீஸ், டாக்குமெண்ட் சார்ஜ் தனி. 2,000 குறைக்கறேன்னு சொல்லி 10,000 கட்ட வைக்கறது. லோன் போட்டுத்தான் எடுக்க முடியும்னா போடுங்க, அதுல தப்பே இல்ல, ஆனா "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா"ன்னு கேட்டுட்டு பேங்க்லயும் கூட்டுறவு சொசைட்டியிலயும் விசாரிச்சுட்டுப் போடுங்க. பழைய வண்டி எக்ஸ்சேஞ்சும் இப்படித்தான், ரெண்டு பேரத்தையும் ஒண்ணாக் கலந்துட்டா எங்க குடுத்தாங்க எங்க எடுத்தாங்கன்னு தெரியாது. மாப்ள பழைய வண்டிய தனியா ஒரு மெக்கானிக்குக்குக் குடுத்தார், பேர் மாத்திட்டுத்தான் சாவிய விட்டார்.

கிட்டுக்கு வந்தோம். ஹெல்மெட், சேலை கார்டு, கைப்பிடி, நம்பர் பிளேட் இதெல்லாம் வண்டியோட வரணும்னு விதிய மாப்ள சொன்னதும் மேனேஜர் தம்பியப் பார்த்தார், தம்பி கீழ பார்த்தாப்ல. எனக்கு அந்த எடத்துல கஷ்டமா போச்சு. மொதல் நாள் டீக்கடையில அந்தத் தம்பி சொல்லியிருந்தாப்ல, "வண்டி வித்தா எனக்குக் கொஞ்சந்தாண்ணே, ஆக்சஸரீஸ்லதான் இன்சென்டிவ் வரும்." அவன் வயித்துல அடிச்சு நமக்கு லாபம் வர வேண்டாம்னு நாங்க போறதுக்கு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். கிராஷ் கார்டும் சீட் கவரும் உண்மையிலயே தேவை, வெளிக்கடையில இன்னும் கொஞ்சம் கம்மியா கிடைக்கும், ஆனா அத அந்தத் தம்பி பேர்லயே பில் போடச் சொல்லி 1,450க்கு எடுத்துக்கிட்டோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,100, அதையும் வச்சுக்கிட்டோம், தெனம் ஓடற வண்டிக்கு அது நல்லது. கோட்டிங்கும் ரோட் சைடும் வேண்டாம்னுட்டோம். கூட்டிப் பார்த்தா 1,07,950. நோட்டீஸ் பின்னாடி எழுதின நம்பர்லேருந்து 10,650 குறைவு. எக்ஸ் ஷோரூம் விலை அப்படியே 88,000.

காசு கட்டறதுக்கு முன்னாடி "எங்களுக்கு எந்த வண்டி ஒதுக்கியிருக்கீங்களோ அதக் காட்டுங்க"ன்னு கேட்டோம். பின்னாடி யார்டுல வரிசையா நின்னுச்சு. தம்பி ஒண்ணக் காட்டினாப்ல, நீலக் கலர். சீட்டுல பாலிதீன் அப்படியே இருக்கு, பார்க்கப் புதுசுதான். நான் குனிஞ்சு போன் லைட்ட டயர் பக்கவாட்டுல அடிச்சுப் பார்த்தேன். டயர்ல கம்பெனி பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். 2125. அதாவது 2025ல 21ஆவது வாரம், மே கடைசி. அப்ப வண்டி ஜூன்ல வந்திருக்கணும். ஆறு மாசம் வெயில்லயும் மழையிலயும் நின்ன வண்டி, டயர் தரையத் தொடற எடத்துல ஒரு பட்டையான தட்டைத் தடம் விழுந்திருந்தது, செயின்ல லேசா துரு. வண்டி செஞ்ச கம்பெனி குடுக்கற சான்று ஃபார்ம் 22, அதக் கேட்டு வாங்கிப் பார்த்ததுல ஜூன்தான். மாப்ள முகம் மாறிப் போச்சு. "வேற காட்டுங்க, இல்லன்னா இதுக்கு விலை வேற பேசணும்"னேன். தம்பி மூணாவது வரிசையிலேருந்து ஒண்ண உருட்டிட்டு வந்தாப்ல, டயர்ல 4325, ஃபார்ம் 22ல நவம்பர். கருப்புக் கலர். மாப்ளைக்கு நீலம்தான் பிடிக்கும், ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டு கருப்பே போதும்னுட்டார். சேஸிஸ் நம்பரப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டோம், அந்த நம்பரக் கொட்டேஷன்லயே எழுதி மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம்தான் காசு. பேங்க் டிரான்ஸ்ஃபர், பில்லுல இருக்கற தொகைக்குச் சரியா.

26ஆம் தேதி பில் போட்டாங்க, 29 ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது, டிஎன் 68ல நம்பர். ஏகாதசி அன்னிக்குக் காலையில அத்தை, தங்கச்சி, பசங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டு நேரா ஷோரூமுக்கு வந்தாங்க. சேஸிஸ் நம்பர போட்டோவோட வச்சு சரி பார்த்தோம், ரெண்டு சாவி, டூல் கிட், பாலிசி, இன்வாய்ஸ், வண்டி வித்ததுக்கான சான்று ஃபார்ம் 21 எல்லாம் வாங்கிக்கிட்டோம். டாக்ஸ் ரசீது மட்டும் "அப்புறம் தரேண்ணே"ன்னாப்ல தம்பி. அப்பாவும் வந்திருந்தார். அவர் ஒண்ணும் பேசல, மாப்ள நோட்ட வாங்கி அடிச்ச வரிய எல்லாம் விரலால தடவிக்கிட்டே படிச்சுப் பார்த்தார். கடைசிப் பக்கத்துல 10,650ன்னு எழுதியிருந்த எடத்துல வந்து நின்னு, "இப்ப மூட்டை என்ன விலைப்பா போவுது"ன்னு என்னைக் கேட்டார்.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள்ல மாப்ள போன் பண்ணார். "மச்சான், டாக்ஸ் ரசீது வந்துருச்சு, எல்லாம் சேர்த்து 9,860தான். அந்தத் தம்பி மீதி 640ஐ ஜிபேயில அனுப்பிட்டாப்ல. கூடவே ஒரு மெசேஜும் போட்டிருக்காப்ல, ஃபர்ஸ்ட் சர்வீஸ் தேதி மறந்துடாதீங்கண்ணேன்னு."